உம்மா சொல்ல நிஸா எழுதியது

786

குறிஞ்சாக்கேணி, கிண்ணியா
12.01.1979

அன்பும் மதிப்பும் நிறைந்த என் கணவர் அபூதாஹிர் அவர்களுக்கு, மனைவி சுபைதா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் நிஸாவும் சுகமாக இருக்கிறோம். தம்மாம் துறைமுகத்தில் குளிர் கடுமை என்று எழுதியிருந்தீர்கள். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டாம்.

நீங்கள் போன பிறகு திருகோணமலைப் பட்டண வீட்டை விட்டுவிட்டு என் கூடப்பிறந்த நானா வீட்டுக்கு வந்தது நல்லதாகவே போயிற்று. பக்கீர் நானாவும் மச்சியும் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நிஸா கிண்ணியாப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போய்வருகிறாள். டிசம்பரில் ஓ.எல். சோதனை. விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். அவளைப் படிப்பிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. என் ஆசையும் அதுதான். கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் நீங்கள் வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுவேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சொல்லியவர்: சுபைதா
எழுதியவள்: மகள் நஜ்முன் நிஸா


குறிஞ்சாக்கேணி
14.01.1979

என் உயிர்க் கூட்டாளி மக்டலினுக்கு,

நலமா? திரேசம்மா மாமிக்கு முழங்கால் வலி குறைந்ததா? துறைமுகத்தில் வாப்பாவின் கிரேனில் இப்போது யார் ஏறுகிறார் என்று நிக்கலஸ் அங்கிளிடம் கேட்டு எழுது. நான் சுகம் என்று எழுதினால் அது பொய். இப்போது பொய் எழுதுவதே என் தொழிலாகிவிட்டது. ஆனால் உனக்கு எழுத மாட்டேன்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் இரண்டு மாதம். போன கார்த்திகையில் பெரிய பிள்ளையானேன். தண்ணீர் வார்த்தார்கள், புதுச் சட்டை போட்டார்கள், ஊருக்கெல்லாம் பலகாரம் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் பக்கீர் மாமா என் புத்தகப் பையைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார். "இனி இது என்னத்துக்கு?" என்றார். அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அடுத்த நாள் வேலிக்கு இன்னும் ஒரு வரிசை கிடுகு உயர்த்திக் கட்டினார்கள். முன்பு களப்பும் அக்கரையும் தெரிந்தன. இப்போது தென்னை மரத்தின் தலை மட்டும் தெரிகிறது.

இனிக் கேள். உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழெழுத்து ஒன்றும் தெரியாது. கையெழுத்து மட்டும் வைப்பார். மாமாவின் மகனுக்கு எழுத்துத் தெரியும், ஆனால் அவன் வீட்டில் தங்குவதில்லை; வாப்பாவுக்குக் கடிதம் என்றால் நான்தான் எழுத வேண்டும். முந்தாநாள் மாமா கதிரையை எங்களுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். உம்மா சொன்னா:

"எழுது புள்ள. நிஸா பெரிய புள்ளையாகிட்டா. பள்ளிக்கூடத்தால நிப்பாட்டியாச்சு. நானாட மகன் ஜவாஹிருக்கு அவளைக் கேக்கிறாங்க. சொந்தத்துக்குள்ள, நல்ல இடம். எனக்குச் சம்மதம். உங்கட சம்மதத்தை எழுதி அனுப்புங்க."

நான் என்ன எழுதினேன் தெரியுமா? விஞ்ஞானத்தில் முதலாவது வந்தேன் என்று எழுதினேன்! பேனை தானாக ஓடியது என்று சொல்ல மாட்டேன் மக்டலின். நான்தான் ஓட்டினேன். முடிந்ததும் மாமா "வாசி பாப்பம்" என்றார். தாளைப் பார்த்துக்கொண்டே உம்மா சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார். தானே கொண்டுபோய்த் தபாலிலும் போட்டார். இதையும் அவர்தான் போடப்போகிறார். கூட்டாளிக்குச் சுகம் விசாரித்து எழுதினது என்று சொல்லிவிடுவேன்.

அந்த ஜவாஹிருக்குப் பத்தொன்பது வயது. சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவான். கிழமையில் நாலு நாள் பாதைப் படகில் ஏறிப் பட்டணத்துக்கு ஓடிவிடுவான். மாமா அவனுக்குக் கால்கட்டுப் போடப் பார்க்கிறார். கட்டுகிற கயிறு நான்.

உன் கொப்பிகளைப் பார்த்தெழுதி அனுப்புவாயா? அலுமாரிக்கு மேல் எனக்கு எட்டாது என்று மாமா நினைக்கிறார். வீட்டில் கதிரை எதற்கு இருக்கிறது?

வேலிக்குள் இருந்து,
உன் நிஸா


தம்மாம்
11.02.1979

அன்பு மனைவி சுபைதாவுக்கு அபூதாஹிர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். சளி விட்டுவிட்டது. பக்கீர் மச்சானுக்கும் வீட்டாருக்கும் என் சலாத்தைச் சொல்லவும்.

விஞ்ஞானத்தில் முதலாவது என்ற இடத்தை அறையில் இருக்கிற ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில் கலீலுர் றஹ்மான், நம்முடைய கிண்ணியாக்காரர்தான், "உங்கட மகள் டொக்டராகத்தான் வருவா" என்றார். நான் ஏழாம் வகுப்போடு நின்று கிரேன் ஏறினவன். மேலே கூண்டுக்குள் இருந்தால் துறைமுகம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மணி அடிக்கும் வரைக்கும் இறங்க ஏலாது. பிள்ளைக்கு அந்த நிலை வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் கடிதங்கள் பத்திரிகைக் கட்டுரை மாதிரி இருக்கின்றன. கதைக்கிற சுபைதா வேறு, எழுதுகிற சுபைதா வேறாக இருக்கிறா. வீட்டில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பாயே, அதைக்கூட நீ எழுதுவதில்லை. அதைக் கேட்க இங்கே ஒருவரும் இல்லை.

உன் நினைவோடு,
அபூதாஹிர்


உட்துறைமுக வீதி, திருகோணமலை
01.03.1979

அடி கள்ளி நிஸா,

மாதாவின் காவலில் நாங்கள் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். வலி கூடினால் என் பாவாடை நீளம் குறைந்ததுதான் காரணம் என்கிறா. றேடியோவில் பாட்டுக் கேட்டால் வலி இன்னும் கூடுதாம். உங்கள் வீட்டில் வேலி, எங்கள் வீட்டில் முழங்கால்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதலில் சிரித்தேன், பிறகு யோசித்தேன். வாப்பா வந்து இறங்குகிற நாளில் என்ன செய்வாய்? அதற்கும் ஒரு கடிதம் எழுதுவாயா? எனக்குப் பயமாக இருக்கிறது நிஸா. ஆனால் உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். விஞ்ஞானக் கொப்பி முழுவதையும் பார்த்தெழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். படம் கீறியதில் தவளையின் வயிறு கொஞ்சம் பெருத்துவிட்டது, பொறுத்துக்கொள்.

ஒரு புதினம். உன் ஜவாஹிரைக் கண்டேன். அப்பாவைத் தேடி வீட்டுக்கு வந்தான். "நீங்க அபூதாஹிர் மாமாவோட வேலை செஞ்சவங்கதானே? துறைமுகத்தில மெக்கானிக் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறாங்களாம், எப்படி விண்ணப்பம் போடுறது?" என்று கேட்டான். அவன் போட்டிருந்த பெல்பொட்டத்துக்குள் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். அப்பா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். "வீட்ட தெரியவேணாம் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போனான். உங்கள் வீட்டில் எல்லாருமே கள்ளர்தானா?

அவசரமாக எழுது.
மக்டலின்


குறிஞ்சாக்கேணி
22.03.1979

அன்பு மக்டலின்,

நலம், நாடுவதும் அதுவே. தவளை நன்றாக இருக்கிறது. மாமி ஒருநாள் கொப்பியைக் கண்டுவிட்டு "இதென்ன?" என்றா. பூ வேலைக்கு மாதிரி என்றேன்.

வாப்பாவின் கடிதம் வந்தது. எல்லாரும் சுற்றி இருக்க நான் வாசித்தேன். தாளில் "ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டினேன்" என்று இருக்கிறது. என் வாயில் "கல்யாணத்தை அவசரப்படுத்த வேண்டாம், நான் வந்துதான் முடிவு" என்று வருகிறது. மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அவன் வர இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு. அதுக்குள்ள இந்தப் பொடியன் கையை விட்டுப் போயிருவான். திரும்ப எழுது சுபைதா!" உம்மா திரும்பச் சொன்னா. நான் திரும்பப் பொய் எழுதினேன். மாதம் தவறாமல் இதுதான் நடக்கிறது.

ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. "சாப்பிட்டீங்களா என்று கேட்பாயே, அதைக் கேட்க இங்கே ஒருவரும் இல்லை" என்று வாப்பா உம்மாவுக்கு எழுதியிருந்தார். அதை மட்டுமாவது உள்ளபடி வாசித்திருக்கலாம். மாமாவுக்கு முன்னால் வாசிக்க வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். பிறகு குசினியில் உம்மா மெதுவாகக் கேட்டா: "வேற ஒண்டும் எழுதேல்லையா உன்ர வாப்பா?" நான் "இல்லை" என்றேன். உம்மாவுக்கென்று வந்த வரி மக்டலின், அதை நான் தின்றுவிட்டேன். என்னை நினைக்க எனக்கே கேவலமாக இருக்கிறது.

ஜவாஹிர் பயிற்சிக்குப் போகட்டும். ஆண்பிள்ளை, படகில் ஏறினால் பட்டணம். எனக்குக் குசினியிலிருந்து கிணற்றுக்கு முப்பத்திரண்டு அடி. எண்ணிப் பார்த்தேன்.

நிஸா


தம்மாம்
20.05.1979

சுபைதாவுக்கு, சலாம். நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கவே யோசனையாக இருக்கிறது.

கலீலுர் றஹ்மானுக்கு அவர் மனைவி றுக்கியா கடிதம் எழுதியிருக்கிறா. நம்முடைய நிஸா பெரிய பிள்ளையாகி ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறாளாம். பக்கீர் மச்சானின் மகனுக்குப் பேச்சு நடக்கிறதாம். கலீல் எனக்கு முபாரக் சொல்லி வாழ்த்தினார். நான் முழித்தேன். பெற்ற மகள் பெரிய பிள்ளையானதைப் பக்கத்துக் கட்டில்காரன் வாயால் நான் கேட்க வேண்டுமா? நீயோ அவள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று எழுதுகிறாய். எது மெய்?

மூதூர் ஸுஹைர் அடுத்த மாதம் லீவில் வருகிறார். என்னுடைய கசெற் பெட்டியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நான் பேசின கசெற் ஒன்றும், வெறுங்கசெற் ஒன்றும் அதோடு வரும். இனி யாரும் எழுத வேண்டாம். உன் குரலில் நீயே சொல்லி அனுப்பு.

அபூதாஹிர்


குறிஞ்சாக்கேணி
08.06.1979

மதிப்புக்குரிய கணவர் அவர்களுக்கு, சலாம். நாங்கள் எல்லாரும் மிகவும் சுகம்.

கசெற் பெட்டி அனுப்ப வேண்டாம். இங்கே கரண்ட் இல்லை. உப்புக் காற்றுக்கு அதெல்லாம் கறள் பிடித்துவிடும். எனக்குத் தொண்டையும் கட்டியிருக்கிறது, பேச ஏலாது. வைத்தியர் மூன்று மாதம் பேசக்கூடாது என்கிறார். றுக்கியா சொன்னது வேறு நிஸாவாக இருக்கும். இந்த ஊரில் நாலு நிஸா இருக்கிறார்கள். பெட்டியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பொழுது போக வேண்டும்.

நீங்கள் சாப்பிட்டீர்களா?

சொல்லியவர்: சுபைதா
எழுதியவள்: நிஸா


குறிஞ்சாக்கேணி
16.07.1979

மக்டலின்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இனி மாமா என் கடிதத்தைப் போடமாட்டார். இதை உம்மா முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் றுக்கியா மாமியிடம் கொடுக்கப்போகிறா. கோள் சொன்ன பாவத்துக்கு அவ இதையாவது செய்யட்டும்.

வாப்பாவின் போன கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. துணி அலம்பின தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லி அடுப்பில் போட்டேன். ஆகவே ஸுஹைர் என்கிற அந்த மனிதர் பெட்டியோடு வந்து நின்றபோது என்னைத் தவிர எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அயல் வீட்டுச் சனமெல்லாம் வந்துவிட்டது. மேசையில் வைத்து, பற்றறி போட்டு, பொத்தானை அமர்த்தினார்.

"சுபைதா, கேக்குதா? நான் அபூதாஹிர்."

உம்மா சட்டென்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டா. பெட்டிக்கு முன்னால்! வாப்பா தொடர்ந்து பேசினார்: "நீ மாசாமாசம் எழுதுறாய், நிஸா பள்ளிக்கூடம் போறாள், கலியாணப் பேச்சு ஒண்டும் இல்லையெண்டு. றுக்கியா வேற மாதிரி எழுதுறா. ஆரை நான் நம்புறது?"

மாமா "என்னது? என்னது?" என்று எழும்பினார். "நிப்பாட்டுங்க" என்றார். ஸுஹைர் பதறிப்போய் வேறு எதையோ அமர்த்த, வாப்பாவின் குரல் இன்னும் பெரிதாகி, விஞ்ஞானத்தில் என் மகள் முதலாவது என்று வீடு அதிரச் சொன்னது. ஜவாஹிர் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டான். சிரித்தானா இருமினானா தெரியவில்லை. அவனைக் கொல்லலாம் போல இருந்தது.

மாமா அடிக்கவில்லை. என் வலக்கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தார். "இந்தக் கையா?" என்று கேட்டார். பேனையை வாங்கித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உம்மா எழும்பிக் குசினிக்குள் போனா. நான் குசினியில் அவவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உம்மா, நீங்க சொன்னதை நான் ஒரு நாளும் எழுதேல்ல. மன்னிச்சிருங்க" என்றேன். அவ அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னா:

"எனக்குத் தெரியும்."

நான் காலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் சொல்லுறது அவ்வளவு நீளம். உன்ர பேனை பாதியில நிண்டுபோகும். சில நேரம் நான் நிப்பாட்டின பிறகும் ஓடும். எனக்கு எழுத்துத்தான் தெரியாது புள்ள, கண் தெரியும்."

"அப்ப ஏன் உம்மா என்னைப் பிடிக்கேல்ல?"

"நானா பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். அவர்ட வீட்டில இருந்து, அவர்ட சோத்தைத் திண்டுக்கொண்டு, நான் 'ஓம்' எண்டுதானே சொல்ல ஏலும்? நீ எழுதமாட்டாய் எண்ட தைரியத்திலதான் சொன்னனான்."

ஐயோ மக்டலின்! இத்தனை மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தோம், ஒரே அடுப்பில் சமைத்தோம். அவ எனக்குச் சொல்லவில்லை, நான் அவவுக்குச் சொல்லவில்லை. நான் உம்மாவை ஏமாற்றுகிறேன் என்று நெஞ்சு வெந்துகொண்டிருந்தேன். அவ என் பொய்யை நம்பி இருந்திருக்கிறா.

இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை மாமா பெட்டியை உம்மாவின் முன்னால் வைத்து, வெறுங்கசெற்றைப் போடச் சொன்னார். "இனி உன்ர வாயாலேயே சொல்லு. இதில ஒருத்தரும் மாத்தி எழுத ஏலாது" என்றார். அவர் பக்கத்திலேயே இருந்தார். உம்மா சொன்னா. என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினது, ஜவாஹிரைப் பேசினது, தனக்கு முழுச் சம்மதம் என்பது, எல்லாம். குரல் நடுங்கவில்லை. கடைசியில் சலாமும் சொன்னா. நான் பொத்தானை அமர்த்தி நிறுத்தினேன். பேனை என்றால் கை மாற்றும். பொத்தானுக்கு என்ன தெரியும்?

அஸர் பாங்கு சொல்ல மாமா தொழப் பள்ளிக்குப் போனார். உம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா: "இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கெண்டு ஸுஹைர் சொன்னவர்தானே?" நான் கசெற்றைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். "நீ கிணத்தடிக்குப் போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினா. கிணற்றுக் கட்டில் இருந்தேன். சொல் ஒன்றும் விளங்கவில்லை. நெடுநேரம் பேசினா. ஒரு இடத்தில் சிரித்தா. உம்மா சிரித்து நான் கேட்டு ஒரு வருஷம் இருக்கும். வெளியே வந்ததும் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "உனக்கு எழுதத் தர ஏலாத கதை" என்றா.

மாமா வருமுன் நான் கசெற்றை எடுத்து உறையில் போட்டுவிட்டேன். நேற்று ஸுஹைர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாப்பா கேட்டால் எல்லாம் சரிவரும். அந்த மறுபக்கம் ஒன்றைத்தான் நம்பி இருக்கிறோம். எனக்காகவும் உம்மாவுக்காகவும் உன் மாதாவிடம் கேள்.

நிஸா


தம்மாம்
31.08.1979

மரியாதைக்குரிய பக்கீர் மச்சான் அவர்களுக்கு, அபூதாஹிரின் சலாமும் பெருநாள் வாழ்த்தும். நோன்பை நல்லபடி பிடித்து முடித்தீர்களா? நான் சுகமாக இருக்கிறேன்.

ஸுஹைர் கசெற்றைக் கொண்டுவந்து தந்தார். என் பெட்டியை உங்களுக்கு அனுப்பிவிட்டதால், பெருநாளன்று கலீலுர் றஹ்மானின் தம்பியின் அறையில் போட்டுக் கேட்டோம். எட்டுப் பேர் இருந்தார்கள். சுபைதா சலாம் சொல்லி முடித்ததும் நிறுத்தி எடுத்து, என் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு அங்கே இருக்க ஏலாமல் போய்விட்டது.

இதுவரை மகளின் எழுத்தை நம்பினேன். அது பொய்யாகப் போனது என் நெஞ்சைச் சுட்டுவிட்டது. சுபைதாவே தன் வாயால் சம்மதம் என்று சொன்ன பிறகு நான் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? நீங்கள் விரும்பியபடி செய்யுங்கள். நிக்காஹ்வை என் சார்பில் நீங்களே நடத்துவதற்கு அனுமதிக் கடிதம் எழுதி, சாட்சிகளின் கையெழுத்தோடு இத்துடன் வைத்திருக்கிறேன். நிஸாவை அடிக்க வேண்டாம். அவள் எனக்கு இனி எழுதவும் வேண்டாம்.

அபூதாஹிர்


உட்துறைமுக வீதி, திருகோணமலை
14.09.1979

என் நிஸாவுக்கு,

சுகமா? இருக்கிறாயா? இரண்டு மாதமாக நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. உன் கடிதங்கள் கிழமைக்கு ஒன்று வந்தபோது அம்மா "என்னடி இவ்வளவு கதை" என்று முணுமுணுப்பா. இப்போது அவவே "நிஸாப் பிள்ளை எழுதினவளோ?" என்று கேட்கிறா. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உனக்காக ஒரு செபமாலை சொல்லுகிறா.

வாப்பா மறுபக்கத்தைக் கேட்டாரா? அதை மட்டும் ஒரு துண்டில் எழுதி அனுப்பினால் போதும்.

துறைமுகப் பயிற்சிக்கு எடுத்த ஆட்களின் பட்டியல் வந்துவிட்டது. ஜவாஹிரின் பெயர் இருக்கிறதாம். கடிதம் கிடைத்ததா என்று அப்பா கேட்கச் சொன்னார். டிசம்பரில் சோதனை. கணக்குக் கொப்பியும் எழுதி முடித்துவிட்டேன், யாரிடம் கொடுத்து அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு யார் தருவார்கள் என்றும் தெரியவில்லை. யாராக இருந்தாலும், வாசித்துக்கொண்டிருக்கிற ஆளே, தயவுசெய்து அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

மக்டலின்


786

குறிஞ்சாக்கேணி
21.09.1979

அன்புள்ள மச்சான் அபூதாஹிருக்கு, பக்கீர் சலாம் கூறி எழுதுவது. நாங்கள் அனைவரும் அல்லாஹ் உதவியால் சுகம். அவ்விடத்துச் சுகம் அறிய ஆவல்.

உங்கள் கடிதமும் அனுமதிப் பத்திரமும் கிடைத்து மிகவும் சந்தோஷம். மார்க்க முறைப்படி நிக்காஹ்வை ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நவம்பர் மாதம் ஒன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு வைத்திருக்கிறேன். நிக்காஹ் ஓதுகிற லெப்பைக்குச் சொல்லியாயிற்று. பந்தல் போடுகிறவருக்கும் சொல்லியாயிற்று. நிஸா இப்போது அடக்க ஒடுக்கமாக இருக்கிறாள். அவளிடமிருந்து பேனையை வாங்கிவிட்டேன். இனி உங்களுக்குக் கடிதம் எழுதுவதும் உங்கள் கடிதத்தை வாசிப்பதும் மகன் ஜவாஹிர்தான். அவன் என் சொல்லுக்கு மறுசொல் பேசாத பிள்ளை. ஆகையால் நீங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் வேலையைப் பார்க்கவும்.

மாமா, இதுவரை வாப்பா சொன்னது. இனி எழுதுவது நான், ஜவாஹிர். வாப்பா பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். நிஸாவின் பேனையால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் துறைமுகத்தில் மெக்கானிக் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பசளைக் கம்பனி விளம்பரம் என்று வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பாடம் நிஸாவிடம் படித்தது. கல்யாணம் வேண்டுமா என்று என்னையும் யாரும் கேட்கவில்லை, அவளையும் யாரும் கேட்கவில்லை. அவளுடைய புத்தகப் பை அலுமாரிக்கு மேல் இருக்கிறது. நான் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பழந்துணி. புத்தகமெல்லாம் குசினியில் அரிசிப் பெட்டிக்குக் கீழே இருக்கின்றன. அவள் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் சுபைதா மாமி என்னிடம் "மறுபக்கத்தைப் பத்தி ஒண்டும் இல்லையா?" என்று கேட்டா. வாப்பா "என்ன மறுபக்கம்?" என்றார். "தாளின் மறுபக்கம்" என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கே விளங்கவில்லை. பிறகு, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கதைக்காத நிஸா, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னாள். நீங்கள் கேட்டது வாப்பா பக்கத்தில் இருக்கும்போது மாமி பேசினது. வாப்பா தொழப் போன நேரம் மாமி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உங்களோடு பேசினா. அது அந்தக் கசெற்றின் மறுபக்கத்தில் இருக்கிறது. என்ன பேசினா என்று நிஸாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றிலிருந்து மாமி சரியாகச் சாப்பிடுவதில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வேலியடியில் போய் நிற்கிறா.

வாப்பா "இன்னும் என்னடா எழுதுறாய்?" என்று கேட்கிறார். "சலாம் எழுதுறன் வாப்பா" என்றேன். "அதை வடிவா எழுது, மாமனார் பாக்கிற எழுத்து" என்கிறார்.

ஒன்பதாம் திகதிக்கு முன் இது உங்கள் கையில் கிடைக்கும். யாரிடமாவது ஒரு பெட்டி இரவல் வாங்குங்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் கேளுங்கள். கசெற்றைத் திருப்பிப் போடுங்கள் மாமா.

சொல்லியவர்: பக்கீர்
எழுதியவன்: ஜவாஹிர்